தலைமதகைத் திறந்துவிட்டு கடைமடையை அடைப்பது: தூக்கு நிறுத்தத்தின் செலவுக் கணக்கு

பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரு கொலை வழக்கில் தூக்குத் தீர்ப்பு வந்தால், சாயங்காலத்துக்குள் டீக்கடைப் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். "இனி ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு, கருணை மனுன்னு வருசக்கணக்கா இழுப்பாவ. அதுவரைக்கும் நம்ம வரிப்பணத்துல சோறு." தூக்கைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, இந்தத் தண்டனை தேவைதானா என்று ஆராயலாம் என யாராவது சொன்னால், "அந்தச் செலவை யாரு குடுப்பா?" என்பது அடுத்த கேள்வி.

நியாயமான கேள்விதான். மரண தண்டனை வேண்டாம் என்பவர்கள் கருணையைப் பேசுவார்கள், வேண்டும் என்பவர்கள் செத்தவன் குடும்பத்தின் கண்ணீரைப் பேசுவார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் ரூபாய்க் கணக்கை இரு தரப்பும் நோட்டுப்போட்டு எழுதிப் பார்ப்பதில்லை.

எழுதிப் பார்க்கும்முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் மத்திய சிறையில். அவர் ஆட்டோ சங்கர். அதற்குப் பிறகு யாரும் இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் 2000-க்குப் பிறகு 8 பேர்: 2004-ல் ஒருவர், 2012-ல் ஒருவர், 2013-ல் ஒருவர், 2015-ல் ஒருவர், 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் நான்கு பேர். 2024 இறுதியில் தூக்குத் தண்டனையோடு சிறையில் இருந்தவர்களோ 564 பேர். ஆக, நிறுத்தம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் செலவை முப்பது வருடமாகக் கொடுத்து வருகிறோம். அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய ஆய்வுதான் நம் கைக்கு வரவில்லை.

செலவு எங்கே விழுகிறது என்று பார்ப்போம். சோற்றில் இல்லை. ஆயிரம் பேருக்கு மேல் சமைக்கிற மத்திய சிறையில் ஒருவருக்கான அரிசி கணக்கில் தெரியாது. ஆயுள் கைதியும் அதே உலைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார். தூக்குக் கைதிக்கென்று தனியாக ஆகும் செலவுதான் எண்ண வேண்டியது. அது தீர்ப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தால் அது அங்கே முடிவதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 407-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366) வழக்குக் கட்டு முழுவதையும் உடனே உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பக்கத்துக் கட்டெல்லாம் மதுரைக் கிளைக்குப் போகும். அங்கே அது "ரெஃபர்டு டிரையல்" என்று தனி எண் வாங்கும். தண்டிக்கப்பட்டவர் அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். அப்பீல் போட அவருக்கு 30 நாள் உண்டு. இரண்டு நீதிபதிகளாவது கையெழுத்திட்டால்தான் தூக்கு உறுதியாகும். இருவர் கருத்தும் மாறுபட்டால் மூன்றாவது நீதிபதியிடம் போகும்.

ஆயுள் தண்டனை அப்பீலையும் இரண்டு நீதிபதி அமர்வுதானே கேட்கிறது, இதில் என்ன கூடுதல் என்று கேட்கலாம். வரிசைதான் கூடுதல். தூக்கு வழக்கு முன்னால் வந்து நிற்கும், சாட்சியம் சாட்சியமாக முதலிலிருந்து படிக்கப்படும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் ஆயுள் தண்டனைக்கு அப்பீல் போட்டுவிட்டுப் பாளை சிறையில் காத்திருந்தால், அவருடைய கட்டு அத்தனை நாளும் அலமாரியில் இருக்கும். அவர் நிரபராதியாகவும் இருக்கலாம். நீதிபதி சம்பளம் எப்படியும் போகிறது என்பதால் இந்தச் செலவு எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் வராது. ஆய்வு என்று ஒன்று நடந்தால் முதலில் அளக்க வேண்டியது இந்த மணிநேரத்தைத்தான்.

அடுத்தது சுப்ரீம் கோர்ட்டு. தமிழில் பதிவான சாட்சியம் முழுக்க ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேகவேகமாகச் செய்கிற இந்த மொழிபெயர்ப்பில் நெல்லைப் பேச்சு என்ன பாடுபடும் என்பதை ஒரே சொல்லில் காட்டலாம். "அவிய வந்தாவ" என்று ஒரு சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் மதிப்பான ஒரு பெரியவர் வந்தார் என்றும் அர்த்தம், நாலைந்து பேர் வந்தார்கள் என்றும் அர்த்தம். முன்னும் பின்னும் படித்தால்தான் எது என்று தெரியும். பொதுக் கருத்தோடு, அதாவது எல்லோரும் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து, செய்த கொலை என்று பலரைச் சேர்த்த வழக்கில், வந்தது ஒருவரா பலரா என்பதில் ஆட்களின் உயிரே இருக்கிறது. "சொன்னாவ", "பாத்தாவ" எல்லாமும் இதே கதைதான். விசாரணை நீதிமன்றத்தில் பதிவு செய்யும்போதே "எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அதை விட்டால் டெல்லியில் அதற்காக வாய்தாக்கள் போகும், திருத்திய மொழிபெயர்ப்பு தாக்கல் ஆகும், அதன்மேல் ஆட்சேபம் வரும்.

அங்கேயும் தோற்றால் சீராய்வு மனு. தூக்கு வழக்கு என்றால் அதை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014-ல் தீர்ப்பானது. அதுவும் தள்ளுபடியானால் கோர்ட்டில் கடைசியாகப் போடுகிற குறைதீர் மனு, பிறகு கருணை மனு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 472-ஆம் பிரிவு கருணை மனுவுக்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. அப்பீலோ சீராய்வோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும். ஆளுநர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. கெடு மனு போடுகிறவருக்குக் கறாராக இருக்கிறது. முடிவெடுக்கிற குடியரசுத் தலைவருக்கு நாள் குறிக்கப்படவில்லை. காலம் அதிகம் கரைகிற இடமும் அதுதான்.

சிறைக் காவலையும் பார்க்கலாம். 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, தூக்குக் கைதியைத் தனி அறையில் வைத்து இரவும் பகலும் காவல் போடச் சொல்கிறது. 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைச் சுருக்கியது: எல்லா வழியும் அடைபட்டுத் தண்டனை இறுதியான பிறகே ஒருவர் அந்தப் பிரிவுக்குள் வருவார். ஒரு காவலிடத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு காவலர் 48 மணி நேரம் நின்றால் மூன்றரைப் பேர். விடுப்பு, பயிற்சி, உடம்பு முடியாத நாள் எல்லாம் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறையாது. ஒரு கைதிக்கு நான்கு சம்பளம், அதுவும் இறுதியான தண்டனை நிறைவேறாமல் கிடக்கிற நாளெல்லாம். அந்த நான்கு பேரும் மற்ற பிளாக்குகளில் நிற்க வேண்டியவர்கள். இந்தச் செலவைக் கூட்டுவது, இறுதியான தண்டனையை நிறைவேற்றவும் செய்யாமல் குறைக்கவும் செய்யாமல் வைத்திருப்பது.

2022 மே மாதம் மனோஜ் வழக்கில் வந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு இன்னொரு வேலையைச் சேர்த்தது. தூக்குக் கேட்கிற வழக்கில் குற்றவாளியின் மனநலம், குடும்பச் சூழல், வளர்ப்பு, சிறை நடத்தை பற்றிய விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்டி வைக்க வேண்டும், அது அரசின் பொறுப்பு. இது சரியான தீர்ப்பு. ஆனால் இதைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வழிக்காவலோடு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "மனநலம் சரியாக உள்ளது" என்று ஒரே வரியில் வாங்கி வந்தால் அது மேல்கோர்ட்டில் நிற்காது. நாலைந்து முறை உட்கார்ந்து பேச வேண்டும், ஊருக்குப் போய்த் தாயையும் பள்ளி வாத்தியாரையும் பார்க்க வேண்டும், சின்ன வயதில் தலையில் அடிபட்டதா என்று பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேட வேண்டும். விசாரணைக் கட்டத்தில் இதை மிச்சம் பிடித்தால் உயர்நீதிமன்றம் திரும்பவும் அறிக்கை கேட்கும். அதே வேலைக்கு இரண்டு செலவு.

இத்தனையும் கடந்து கடைசியில் எத்தனை தூக்கு நிற்கிறது? தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் (பயங்கரவாத வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று சுப்ரீம் கோர்ட்டு நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். நான்கில் ஒருவருக்கு 2000-ல் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனு 11 ஆண்டு கிடந்தது. 2011 செப்டம்பர் 9 என்று வேலூரில் நாள் குறித்து, ஆகஸ்ட் 30-ல் உயர்நீதிமன்றம் தடை கொடுத்து, 2014 பிப்ரவரி 18-ல் தாமதத்தைக் காரணமாகச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு ஆயுளாக்கியது. 2022-க்குள் எல்லோரும் வெளியே. 26 தூக்குத் தீர்ப்பு, நிறைவேறியது ஒன்றுமில்லை. அத்தனை வருடச் சட்டச் செலவும் பாதுகாப்புச் செலவும் உண்மை.

அமெரிக்காவில் இதை ரூபாய் பைசாவாக, அவர்கள் கணக்கில் டாலராக, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கான்சஸ் மாநிலத் தணிக்கை 2003-ல் சொன்னது: மரண தண்டனை விதித்த வழக்கின் இடைநிலைச் செலவு (சிறியது முதல் பெரியது வரை அடுக்கினால் நடுவில் வருவது) 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர், அதைக் கேட்காத வழக்குக்கு 7 லட்சத்து 40 ஆயிரம். விசாரணைச் செலவு மட்டும் 5,08,000-க்கு எதிராக 32,000, ஏறக்குறைய 16 மடங்கு. அந்த டாலரை அப்படியே ரூபாயாக மாற்றிப் போடுவது தப்பு. அங்கே ஜூரி உண்டு, வக்கீல் கட்டணம் வேறு, நிபுணர் சாட்சிகள் வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது செலவு விழுகிற இடத்தை. அது வழக்கின் தலைப்பக்கம் விழுகிறது. கயிறு இருக்கும் கடைசிப் பக்கத்தில் விழுவது சொற்பம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அங்குள்ள இல்லினாய்ஸ் மாநிலம் சாட்சி. 1977-க்குப் பிறகு அங்கே 12 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியிருந்தார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேர் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்திருந்தார்கள். 2000 ஜனவரி 31 அன்று ஆளுநர் ஜார்ஜ் ரயான் நிறைவேற்றத்தை நிறுத்தினார். ஆய்வுக் குழு 2002 ஏப்ரலில் 85 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2003 ஜனவரியில் அவர் 167 பேரின் தண்டனையைக் குறைத்தார். ஆனால் அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்பதை யாரும் நிறுத்தவில்லை. மரண தண்டனை வழக்குகளுக்கென்று வைத்த தனி நிதியிலிருந்து, 2011-ல் தண்டனையை ஒழிக்கும்வரை, 10 கோடி டாலருக்கு மேல் போனது. அத்தனைக்கும் அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவருக்குக்கூடத் தண்டனையை நிறைவேற்றவில்லை.

பாளையங்கால்வாயில் தலைமதகைத் திறந்துவிட்டுக் கடைமடையை மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலப்பாளையம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் ஏறி, நடுவில் எங்காவது கரை உடையும். இல்லினாய்ஸில் நடந்தது அது. தமிழ்நாட்டில் முப்பது வருடமாக நடப்பதும் அதேதான்.

பிரிட்டன் வேறு மாதிரி செய்தது. 1965 நவம்பரில் ஐந்து வருடச் சோதனையாகச் சட்டம் கொண்டுவந்து, கொலைக்குத் தூக்கு விதிப்பதையே நிறுத்தியது. ஆயுள் மட்டும். 1969 டிசம்பரில் கணக்குப் பார்த்து நிரந்தரமாக்கியது. விதிப்பதே நின்றதால் புதிதாக ஒரு தூக்கு வழக்கின் செலவும் ஏறவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் நிறைவேற்றுவதைத்தான் நிறுத்தியது, ஆனால் சட்டத்திலேயே நாளைக் குறித்தது: 2006 ஜனவரியில் நிறுத்தம், 2007 ஜனவரியில் அறிக்கை, அந்த டிசம்பரில் முடிவு. இழுபறி இல்லை என்பதால் செலவும் அடங்கியது.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1956-ல் பண்டாரநாயக்க அரசு தூக்கை நிறுத்தியது, 1958-ல் சட்டமாக்கியது, குற்றவியல் அறிஞர் நார்வல் மாரிஸ் தலைமையில் ஆணையமும் போட்டது. 1959 செப்டம்பர் 25 அன்று பிரதமரே சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த ஆண்டே தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், நடந்துபோன கொலைக்கும் பொருந்தும்படி. அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டத்தின் சொற்கள் கொலைக்குத்தான் பொருந்தின, கொலைச் சதிக்குப் பொருந்தவில்லை. சுட்டவர் 1962-ல் தூக்கிலிடப்பட்டார், சதி செய்தவர்கள் ஆயுள் தண்டனையோடு தப்பினார்கள். ஆய்வை நடுவில் முறித்தால் நீதியும் இப்படித்தான் கோணலாகும்.

அதைவிடப் பக்கம் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் மண். திருவிதாங்கூர் 1944-ல் கொலைக்கான தூக்கை எடுத்துவிட்டது. தென்காசியோ சென்னை மாகாணம். சில மைல் தூரம்தான். இந்தப் பக்கம் வெட்டினால் தூக்கு, அந்தப் பக்கம் வெட்டினால் ஆயுள். 1950-களின் தொடக்கத்தில் இந்தியச் சட்டம் வந்து தூக்கும் திரும்பியது. திருவிதாங்கூரில் தூக்கு இல்லாத ஐந்து ஆண்டில் 962 கொலை, தூக்கு திரும்பிய அடுத்த ஐந்து ஆண்டில் 967. இதை மட்டும் வைத்துத் தூக்குக்கு எந்தப் பயனும் இல்லை என்று சாதிக்க முடியாது, மக்கள்தொகையும் கூடியிருக்கும். ஆனால் நிறுத்தினால் ஊர் ரத்தக்களறியாகும் என்ற பயத்துக்கு நம் வாசற்படியிலேயே கிடக்கிற பதில் அது.

இந்தியா ஆய்வே செய்யவில்லையா என்றால், செய்தது. சுப்ரீம் கோர்ட்டு இரண்டு வழக்குகளில் கேட்டுக்கொண்டதால் சட்ட ஆணையம் ஆராய்ந்து 262-ஆவது அறிக்கையை 2015 ஆகஸ்ட் 31 அன்று கொடுத்தது. பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை ஒழிக்கலாம் என்றது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 30 அன்று, நாக்பூரில் யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டார். நம் நாட்டில் ஆய்வு நடந்தபோது நிறுத்தம் இல்லை. நிறுத்தம் போல ஒன்று இருக்கிற மாநிலத்தில் ஆய்வு இல்லை.

இனி தமிழ்நாடு முறையாகச் செய்வதென்றால் என்ன செய்ய வேண்டும்? அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவில், அமைச்சரவை ஆலோசனைப்படி ஆளுநர் தண்டனையைத் தற்காலிகமாக ஒத்திவைக்கலாம். அது மட்டும் போனால் கடைமடையை அடைத்த கதைதான். கூடவே, ஆய்வு முடியும்வரை தூக்குக் கேட்க வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு எழுத்தில் உத்தரவு போக வேண்டும். அரசு கேட்காவிட்டாலும் நீதிபதி விதிக்கலாம், அதை அரசு தடுக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை பெருமளவு குறையும். இரண்டாவது, முடிகிற தேதி. வைத்தீஸ்வரன் வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு. அதில் 1983-ல், இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமானாலே தண்டனையைக் குறைக்கலாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. 1989-ல் அந்த இரண்டு வருட அளவை எடுத்துவிட்டாலும், 2014-ல் சத்ருகன் சௌகான் தீர்ப்பில், பெரும்பாலும் தாமதத்தைக் காரணமாக வைத்து, 15 பேருக்குக் குறைத்தது. எனவே நம் நாட்டில் முடிவில்லாத நிறுத்தம் என்பது பேச்சில்லாமல் தண்டனையைக் குறைப்பதுதான். அதைச் செய்வதானால் செத்தவர் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

அந்தக் குடும்பங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதுதான் இதில் மனதை அதிகம் வருத்துகிறது. முக்கூடலில் பீடி சுற்றுகிற ஒரு தாய் மதுரைக்கு வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போகும், பஸ் காசு போகும், அங்கே வழக்கு வேறு தேதிக்குத் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போகும். அவளுக்கு யாரும் தேதி சொல்வதில்லை. நாற்பது வயதில் மகனைப் பறிகொடுத்தவள் அறுபது வயதிலும் அதே கட்டின் பின்னால் நடப்பாள். ஆயுள் தண்டனை உறுதியாகி முடிந்திருந்தால், அது கசப்பான முடிவாக இருந்தாலும், அவளுக்கு ஒரு முடிவாவது கிடைத்திருக்கும். இல்லினாய்ஸ் 2011-ல் ஒழித்தபோது மிச்ச நிதியைக் கொலையானவர்களின் குடும்பங்களுக்கும் போலீஸ் பயிற்சிக்கும் திருப்பியது. இங்கே மிச்சமாகிற பணம் இழப்பீட்டுத் திட்டத்துக்கும் தடய அறிவியல் ஆட்களுக்கும் போக வேண்டும் என்பதை நிறுத்த ஆணையிலேயே எழுதிவிடலாம்.

ஆய்வுக்கு ஆகும் செலவும் பெரிதில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நான்கு மாவட்டத்தை மட்டும் முதலில் எடுக்கலாம். 2000 முதல் அரசு தூக்குக் கேட்ட ஒவ்வொரு வழக்கும் வேண்டும். தூக்கு விதித்ததை மட்டும் எடுத்தால் கணக்கு பாதியாகிவிடும், கேட்டுக் கிடைக்காததற்கும் செலவு ஆகியிருக்கிறது. பக்கத்தில் அதே மாதிரிக் குற்றத்தில் தூக்குக் கேட்காத வழக்குகளை வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது ஆயுள் தண்டனையை 14 வருடம் என்று போடக் கூடாது. அது குறைந்தபட்சம்தான். 2008-க்குப் பிறகு 20, 25, 30 வருடம் குறைப்பின்றி என்று தீர்ப்புகள் வருகின்றன, முதுமையில் ஆஸ்பத்திரிச் செலவும் உண்டு. அதை மறைத்தால் ஆய்வு ஒருசார்பாகும்.

பதிவேட்டில் ஒவ்வொரு வழக்குக்கும் இவை வேண்டும்: குற்றப்பத்திரிகை தேதி, தீர்ப்பு தேதி, கட்டு மதுரை சேர்ந்த தேதி, எத்தனை நாள் வாதம், மொழிபெயர்த்த பக்கம், அரசு செலவிலான வக்கீல் கட்டணம், மனநல அறிக்கை எத்தனை முறை கேட்கப்பட்டது, தனிக்காவல் நாட்கள், ஒவ்வொரு மேல்கோர்ட்டிலும் முடிவு. நாலைந்து பேர் கோர்ட்டு ரிக்கார்டு அறையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் கட்டாயம் போட வேண்டும்: ஒவ்வொரு கட்டத்திலும் முடிவு என்ன என்று கொலையானவரின் வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போய்ச் சொன்னார்கள்.